சிங்கப்பூரில் எரிமலையே இல்லை, அப்புறம் புக்கிட் தீமா கருங்கல் எங்கிருந்து வந்தது?

யீஷூன் அம்மா:

வணக்கம். வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே கேட்டால் தீரும் என்று நினைக்கிறேன். மகன் உயர்நிலை இரண்டு. புக்கிட் தீமா குன்று கருங்கல்லால் (கிரானைட்) ஆனது, கருங்கல் என்பது உருகிய பாறைக்குழம்பு இறுகி உண்டானது என்று எங்கோ படித்துவிட்டு, அப்படியென்றால் இங்கே எரிமலை இருந்திருக்க வேண்டுமே, அது எங்கே போனது என்கிறான். அவன் அப்பாவோ, பூமியில் எங்கே ஆழமாகத் தோண்டினாலும் கீழே குழம்புதான், இடுக்கு கிடைத்த இடத்தில் அது மேலே வரும், செம்பவாங்கில் வெந்நீர் ஊற்று இருப்பதே சாட்சி என்கிறார். புத்தகப் படங்களும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. மேலோட்டை மெல்லிய கோடாகப் போட்டுவிட்டு அதற்குக் கீழே எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கொதிப்பது போல வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படவில்லை. கீழே முழுக்கக் குழம்பு என்றால் 40 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடம் எதன் மேல் நிற்கிறது? எரிமலை இருந்தது என்றால் அதன் வாய் எங்கே? கருங்கல் எப்படி உண்டாகிறது, அது எப்படிக் குன்றின் உச்சிக்கு வந்தது, யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. பையனுக்காக எளிமையாக்குகிறேன் என்று தப்பாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவன் பிடித்துவிடுவான்.

கோப்பி ஓ கோசோங்:

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது உண்மை என்றால் யீஷூனில் யாரும் தண்ணீர் ஹீட்டருக்கு மின்கட்டணம் கட்ட வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் வரட்டும், நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.

பழைய வாத்தியார்:

முதலில் அந்தப் படம். அதில் பூசியிருக்கும் சிவப்பு, சூடு அதிகம் என்பதற்கான வண்ணம். அதைப் பார்த்ததும் எல்லோரும் உருகிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும், ஆனால் யாரும் எழுதுவதில்லை. வகுப்பில் இருந்த காலம் முழுக்க இது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

தரையிலிருந்து மையம் வரை 6,371 கிலோமீட்டர். அதில் மேலோடு கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர், கடலுக்கு அடியில் 7 கிலோமீட்டர் அளவுதான். அதற்குக் கீழே 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது கவசம். பூமியின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தக் கவசம்தான், அது திடமான பாறை. சில எரிமலைகள் மேலே வரும் வழியில் அதன் துண்டுகளைப் பிய்த்துக்கொண்டு வந்து போடுகின்றன. பச்சை கலந்த கனமான கல், பெரிடோடைட் என்று பெயர். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் இந்தத் திடப்பாறை மெல்ல நகர்கிறது, வளைகிறது என்பது உண்மைதான், ஆனாலும் அது குழம்பாகிவிடவில்லை.

முழு அடுக்கே திரவமாக இருப்பது ஓர் இடத்தில் மட்டும்: புறக்கருவம், 2,890 முதல் 5,150 கிலோமீட்டர் வரை. அங்கே இருப்பது பாறைகூட இல்லை, முக்கியமாக உருகிய இரும்பும் நிக்கலும். பூமியின் காந்தப்புலம் அங்கேதான் பிறக்கிறது. அதற்கும் உள்ளே அகக்கருவம், மறுபடி திடம். சூடு 5,000 டிகிரிக்கு மேல், இருந்தும் உருகவில்லை.

ஏன் உருகவில்லை என்பதுதான் உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கே சாவி. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி வரை போனாலும் திரவமாகவே இருப்பது அழுத்தத்தால். பாறைக்கும் அதே நியாயம். மேலே இருக்கும் கிலோமீட்டர் கணக்கான பாறையின் எடை அழுத்துவதால் அதன் உருகுநிலை ஏறிக்கொண்டே போகிறது. தரையில் வைத்தால் உருகிவிடக்கூடிய சூட்டில் இருக்கும் பாறை ஆழத்தில் கல்லாகவே நிற்கிறது. இப்போது குக்கரின் வெயிட்டைத் தூக்குங்கள், அடுப்பைக் கூட்டாமலே உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பாறை உருக முதல் வழி இதுதான். அட்லாண்டிக் கடலின் நடுவிலும் ஐஸ்லாந்திலும் பூமியின் மேற்புறத்தை மூடியிருக்கும் பெரிய பாறைத் தட்டுகள் விலகும்போது கீழே இருக்கும் சூடான கவசப் பாறை மேலே எழும்புகிறது, அழுத்தம் குறைகிறது, ஒரு பகுதி உருகுகிறது.

இரண்டாவது வழி தண்ணீர். பாறைக்குள் நீர் புகுந்தால் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடும். சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வேகத்தில் தீவுக்கு அடியில் சரிந்து போகிறது. அது சுமந்துகொண்டு போகும் நீர், சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெளியேறி மேலே உள்ள கவசத்துக்குள் ஏறுகிறது, அங்கே உருகல் தொடங்குகிறது. சினாபுங், மெராப்பி (இரண்டு மெராப்பி உண்டு, நான் சொல்வது சுமத்ராவில் இருப்பது) என்ற எரிமலைகள் எல்லாம் அந்த உருகல் நடக்கும் கோட்டுக்கு நேர் மேலே வரிசையாக நிற்கின்றன. நாம் அந்தக் கோட்டிலிருந்து கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறோம், அதனால்தான் இங்கே எரிமலை இல்லை. மூன்றாவது வழி, இப்படி மேலே வந்த சூடான குழம்பு கண்ட மேலோட்டின் அடியில் தேங்கி, சுற்றியுள்ள பாறையையும் உருக்குவது. கருங்கல் பிறக்கும் கதையில் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே வரும்.

உருகியது எடை குறைவு என்பதால் மேலே ஏறும். ஆனால் ஏறுவதில் பெரும்பகுதி வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை. சில கிலோமீட்டர் ஆழத்தில் நின்றுபோய், ஆயிரக்கணக்கான, சில இடங்களில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மெதுவாக ஆறுகிறது. படிகங்களுக்கு வளர நேரம் கிடைக்கிறது. அதனால்தான் கருங்கல் துண்டில் ஒவ்வொரு கனிமத்தையும் வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிறது: சாம்பல் நிறத்தில் கண்ணாடி போல மினுங்குவது குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கறுப்புப் பொட்டுகள் பயோடைட். அதே குழம்பு எரிமலை வழியாக வெளியே வந்து சட்டென்று ஆறியிருந்தால் ரயோலைட் என்ற பொடிப்படிகப் பாறையாகியிருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனவே மகனிடம் சொல்லுங்கள், புக்கிட் தீமாவில் அவன் காலுக்கடியில் இருப்பது வெளியே வராமல் ஆழத்திலேயே தங்கிவிட்ட குழம்பு.

ஆதாரம் கேட்பவன்:

சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் 2,890, 5,150 என்று டேப் வைத்து அளந்த மாதிரி சொல்கிறீர்களே, யார் போய்ப் பார்த்தது? மனிதன் தோண்டிய மிக ஆழமான குழி எவ்வளவு?

நிலநடுக்கப் பைத்தியம்:

வாத்தியார் சார் சார்பாக நான் பதில் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

குழி ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீட்டர் வரை போனார்கள். கண்ட மேலோட்டில்கூட மூன்றில் ஒரு பங்குதான் அது. 100 டிகிரி அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 180 டிகிரி சூடு, துளைக்கும் கருவி ஈடுகொடுக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு ஆழத்திலும் குழம்பு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மீதியெல்லாம் நிலநடுக்க அலைகள் சொன்னவை. பெரிய நிலநடுக்கம் வந்தால் அதன் அலைகள் பூமியின் குறுக்கே போய் மறுபக்கக் கருவிகளில் பதிவாகும். இதில் இரண்டு வகை. அழுத்த அலை எதற்குள்ளும் போகும். குறுக்கு அலை, அதாவது பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போவது, திடப்பொருளுக்குள் மட்டும் போகும், திரவத்துக்குள் செத்துவிடும். கவசம் முழுக்கக் குழம்பாக இருந்தால் குறுக்கு அலை ஒன்றுகூடத் தூரத்து நாடுகளுக்கு வந்து சேராது. ஆனால் வருகிறது. 2,890 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும் பாதையில் மட்டும்தான் காணாமல் போகிறது. அலை எத்தனை நிமிடத்தில் எங்கே வந்தது, எங்கே வளைந்தது என்று பார்த்து எல்லைகளின் ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். குரோஷியாவின் மோகோரோவிசிச் 1909இல் மேலோடு முடியும் எல்லையை இப்படித்தான் கண்டுபிடித்தார். திரவக் கருவத்துக்கு நடுவே திடமான ஒன்று இருக்கிறது என்று 1936இல் சொன்னவர் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண். நியூசிலாந்து நிலநடுக்கம் ஒன்றின் அலைகள் வரக்கூடாத இடத்தில் மெலிதாக வந்திருந்தன, மற்றவர்கள் அதைக் கருவிக் கோளாறு மாதிரி ஒதுக்கியபோது அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு சின்ன பாடம் இருக்கிறது. 2007 மார்ச்சிலும் 2009 செப்டம்பரிலும் சுமத்ரா நிலநடுக்கத்தில் இங்கே அடுக்குமாடிகள் ஆடியபோது எல்லா வட்டாரத்திலும் ஒரே அளவு ஆடவில்லை. கல்லாங், மரீன் பரேட் மாதிரி மென்மையான களிமண் மேலும் கடலிலிருந்து மீட்ட நிலத்தின் மேலும் நிற்கும் உயரமான கட்டடங்களில் அதிகம் தெரியும், ஏனென்றால் மென்மையான மண் அலையைப் பெரிதாக்கும். கருங்கல் மேல் நிற்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

ரிக்காரன் புதுக்கோட்டை:

அக்கா, நான் சாயில் இன்வெஸ்டிகேஷன் வேலை, அதாவது கட்டடம் கட்டுமுன் துளை போட்டு மண்ணைப் பார்ப்பது, துளையிடும் ரிக் மேல் நிற்பவன். வாத்தியார் சார் சொன்ன அடி ஆழமெல்லாம் எனக்குத் தெரியாது, மேலே 100 மீட்டர் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கட்டடம் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டீர்களே.

புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங், மண்டாய், உங்கள் யீஷூன், செம்பவாங், அந்தப் பக்கம் கருங்கல். ஆனால் போர்ஹோல் போட்டால் முதலில் கல் வராது, சிவப்பு மண்தான் வரும், கையால் பிசையலாம். அதை மண் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதுவும் கருங்கல்தான், வேறெங்கிருந்தும் வந்து விழுந்ததல்ல, இருந்த இடத்திலேயே மக்கிப்போனது. லாக்கில், அதாவது துளைக் குறிப்பில், ஜி-சிக்ஸ் என்று எழுதுவார்கள். கீழே போகப் போக ஜி-ஃபைவ், ஜி-ஃபோர் என்று கெட்டியாகி, ஜி-ஒன் என்றால் கறையே படாத புதுப்பாறை. மண் இருக்கும் வரை எஸ்பிடி (மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் சோதனை) அடிப்போம்: 63.5 கிலோ சுத்தியல், 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும், 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவோம். 100 அடி கொடுத்தும் இறங்கவில்லை என்றால் சுத்தியலை வைத்துவிட்டு வைர பிட் மாட்டி கோரிங்குக்கு மாறிவிடுவோம். உருளை உருளையாகக் கல் வரும், பெட்டியில் வரிசையாக அடுக்கி ஆழம் எழுதிப் படம் எடுப்போம். அதில் 10 சென்டிமீட்டருக்கு மேல் முழுசாக வந்த துண்டுகள் எத்தனை விழுக்காடு என்று பார்த்துத்தான் பாறை நல்ல பாறையா வெடித்த பாறையா என்று இன்ஜினியர் சொல்வார்.

தலைவலி எங்கே என்றால், இந்த மண்ணுக்கும் கல்லுக்கும் எல்லை நேராக இருக்காது. ஒரு போர்ஹோலில் 15 மீட்டரில் கல் தட்டும், கொஞ்சம் தள்ளிப் போட்டால் 40 மீட்டர் போயும் மண்ணாகவே இருக்கும். நடுவில் லாரி அளவு உருண்டைக் கல் தனியாகக் கிடக்கும், அதைப் பாறை என்று நினைத்து நிறுத்தினால் அடுத்த இரண்டு மீட்டரில் மறுபடி மண். எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு இதுதான் எதிரி. வட்டத்தின் மேல் பாதி மண், கீழ் பாதி கருங்கல் என்றால் கட்டர் எல்லாம் தேய்ந்து உடையும். இன்ஜினியர் ஒருவர் எனக்குச் சொன்ன காரணம்: கல்லில் இருக்கும் வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறது, ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறிவிடுகிறது, குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சுகிறது. மூலைகளை மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் தின்பதால் சதுரமாக வெடித்த கல் உருண்டையாகிறது. மாமல்லபுரத்தில் கிருஷ்ணர் வெண்ணெய்ப் பந்து என்று ஒரு கல் சரிவில் நிற்குமே, அதுவும் இப்படி இருந்த இடத்திலேயே உருண்டையானதுதான். மண் மழையில் கரைந்து போய்விட்டது, கல் நின்றுவிட்டது.

மேற்கே ஜூரோங் பக்கம் போனால் வேறு கதை. கருங்கல் கிடையாது, மணற்கல்லும் சேற்றுக்கல்லும் மாறி மாறி வரும், ஊதா, சிவப்பு, சாம்பல் என்று கோர் பெட்டியே கோலமாக இருக்கும். பாண்டான் பக்கம் அடியில் சுண்ணாம்புப்பாறைகூட உண்டு, உள்ளே பொந்து இருக்குமோ என்று பயந்துகொண்டே போவோம். கிழக்கே பிடோக், தெம்பனிஸ் எல்லாம் ஓல்ட் அல்லுவியம், பழைய ஆற்று மணல், சரளை. கையில் எடுத்தால் கல் மாதிரி நிற்கும், தண்ணீரில் போட்டால் சில துண்டு உதிர்ந்துவிடும். கல்லாங், மரினா பக்கம் மரீன் கிளே, சாம்பல் நிறக் களி, எஸ்பிடி சுத்தியலை வைத்தாலே சில இடத்தில் தானாக இறங்கும். அதனால்தான் பைல் (அடித்தளத் தூண்) எல்லாம் அந்தக் களியைத் தாண்டிக் கெட்டியான மண் வரை போகிறது.

பழைய வாத்தியார்:

தம்பி, நீங்கள் சொன்னதை அப்படியே பாடமாக வைக்கலாம். படிவுப்பாறை எப்படி உண்டாகிறது என்று நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொன்னதை இந்தத் தீவு கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கி வைத்திருக்கிறது. கல்லாங் களி, பத்தாயிரம் ஆண்டு அளவில் கடல் உயர்ந்தபோது படிந்தது, இன்னும் சேறு. பிடோக் மணல் அதைவிட மிகப் பழையது, பாதி இறுகியது. ஜூரோங் மணற்கல் 20 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது, ஆழத்தில் புதைந்து, மேலே விழுந்த பாரத்தால் நீர் பிழியப்பட்டு, மணல் இடுக்குகளில் சிலிக்காவும் இரும்புக் கனிமங்களும் சிமெண்டாகப் படிந்து முழுப் பாறையாகிவிட்டது. அந்தப் பாறைக்குள்தான் 2014இல் ஜூரோங் தீவுக்கு அடியில் 130 மீட்டர் ஆழத்தில் எண்ணெய்க் குகைகளைத் திறந்தார்கள், 14.7 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு. மண்டாயில் கருங்கல்லுக்குள் வெடிமருந்துக் கிடங்கு இருப்பதும் தெரிந்திருக்கும்.

யீஷூன் அம்மா:

எல்லோருக்கும் நன்றி, வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, குழம்பு ஆழத்தில் நின்றுவிட்டது சரி, இப்போது 163 மீட்டர் குன்றாக மேலே நிற்கிறதே. இரண்டு, செம்பவாங்கை விட மாட்டேன் என்கிறார் வீட்டுக்காரர்.

பழைய வாத்தியார்:

செம்பவாங்கை முதலில் முடித்துவிடலாம். அங்கே நீர் 70 டிகிரி அளவில் வருகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். மழைநீர் கருங்கல் வெடிப்புகள் வழியாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் இறங்கி, சூடாகி, வேறொரு வெடிப்பு வழியாக வேகமாக மேலே வந்தால் போதும், ஊற்று தயார். குழம்பு எதுவும் வேண்டாம். சிங்கப்பூரின் வடக்கில் சூடு சராசரியைவிடக் கூடுதல், அட்மிரல்டி பக்கம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் போட்ட ஆழ்துளையில் 1.76 கிலோமீட்டரில் 122 டிகிரி இருந்தது. கருங்கல்லில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து தரும் வெப்பமும் இதற்கு ஒரு காரணம். ஆனால் கருங்கல் உருக, நீர் நிறைய இருந்தால்கூட 650 டிகிரி வேண்டும். 122 டிகிரியில் முட்டை வேகும், கல் உருகாது. வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

இப்போது குன்று. புக்கிட் தீமா கருங்கல்லின் வயது ஏறத்தாழ 23 கோடி முதல் 28 கோடி ஆண்டு. கல்லுக்குள் இருக்கும் சிர்கான் என்ற பொடிப் படிகத்தில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து சொல்கிறார்கள், யுரேனியம் 238இல் பாதி மாற 447 கோடி ஆண்டு ஆகும், கணக்கு தெரிந்தால் படிகமே கடிகாரம். அந்தக் காலத்தில் இந்த நிலப்பகுதிக்கு மேற்கே பழைய டெத்திஸ் என்ற கடல் இருந்தது. இன்று சுமத்ராவுக்கு அடியில் நடப்பது அன்று நமக்கு அடியில் நடந்தது: கடலடித் தட்டு சரிந்து போனது, நீர் வெளியேறியது, பாறை உருகியது. கடைசியில் கடலே மூடிக்கொண்டு இரண்டு நிலத்துண்டுகள் முட்டிக்கொண்டன. அந்தத் தையல் தீபகற்ப மலேசியாவின் பெந்தோங், ரவுப் வழியாக ஓடுகிறது.

ஆக, உங்கள் மகன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கீழே கருங்கல் ஆறிக்கொண்டிருந்த காலத்தில் இந்த வட்டாரத்தில் எரிமலைகளும் வெடித்திருக்கின்றன. ஜூரோங் தீவுப் பக்கத்துப் பாறைகளில் எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய டஃப் இருக்கிறது, ஜோகூரில் பெங்கெராங் பக்கம் எரிமலைப் பாறைகள் இருக்கின்றன. வாய் எங்கே என்று கேட்டால், அரித்துக்கொண்டு போய்விட்டது. நம்ப முடியவில்லை என்றால் பையனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மழையும் ஆறும் ஆண்டுக்கு 0.02 மில்லிமீட்டர்தான் அரிக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும் 25 கோடி ஆண்டில் 5 கிலோமீட்டர் போய்விடும். மேலே பாரம் குறையக் குறைய அடியில் இருக்கும் மேலோடு மெல்ல எழும்பும், அதையும் மழை அரிக்கும், மறுபடி எழும்பும். இப்படியே எரிமலை போய், அதன் அடியில் இருந்த பாறை போய், அடிமட்டத்தில் ஆறிக் கிடந்த கருங்கல் வெளியே தெரிகிறது.

புக்கிட் கோம்பாக் பக்கம், லிட்டில் குய்லின் என்கிறோமே, அங்கே இருப்பது வெறும் கருங்கல் இல்லை. கறுப்பு அடர்ந்த காப்ரோ வகைப் பாறை உண்டு. அதுவும் ஆழத்தில் ஆறியதுதான், சிலிக்கா குறைவு, இரும்பும் மக்னீசியமும் அதிகம், அதனால் நிறம் கறுப்பு.

பல்லாவரத்தான்:

தீப்பாறை வந்தது, படிவுப்பாறை வந்தது, உருமாறிய பாறையை யாரும் கண்டுகொள்ளவில்லையே. சென்னையில் நான் வளர்ந்த இடமே அதுதான். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் இருப்பது சார்னோகைட். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து கொண்டுபோன கல்லைப் பார்த்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டு பழையது, வாத்தியார் சொன்ன புக்கிட் தீமா கருங்கல்லைப் போலப் பத்து மடங்கு வயது. மேலோட்டின் அடிப்பகுதியில், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 டிகிரியில் வெந்தது. உருகாமலே உள்ளே கனிமங்கள் மாறிவிடும். அந்தச் சூட்டில் கனிமங்களுக்குள் பிணைந்திருந்த நீர் ஏறக்குறைய முழுக்க வெளியேறிவிட்டது, நீர் இல்லாததால் உருகுவதும் கஷ்டம். வாத்தியார் சொன்ன இரண்டாவது வழியை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

சுண்ணாம்புப்பாறை பளிங்காவதும், களிப்பாறை பலகைக்கல்லாவதும், மணற்கல் குவார்ட்சைட் ஆவதும் இதே வகைதான். அப்புறம் ஒரு கொசுறு. வீட்டுச் சமையலறை மேடையில் கறுப்பு "கிரானைட்" போட்டிருந்தால் அது அநேகமாகக் கருங்கல் இல்லை. பொன் பொட்டு மின்னும் பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வருகிறது, அது காப்ரோ குடும்பம். கல் வியாபாரத்தில் பளபளவென்று தேய்க்க முடிந்த கெட்டிக் கல் எல்லாமே கிரானைட்தான், சண்டை போட்டுப் பயனில்லை.

தெக்கோங் ரெக்ரூட்:

தேசிய சேவையில் புலாவ் தெக்கோங்கில் ஷெல்ஸ்கிரேப் (படுத்துப் பதுங்கும் குழி) தோண்டியபோது மண்வெட்டி டங்கென்று கல்லில் பட்டது, சார்ஜெண்ட் வேறு இடம் பார்க்க விடவில்லை. ரிக்காரன் அண்ணன் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் வைர பிட் கேட்டிருப்பேன்.

ரிக்காரன் புதுக்கோட்டை:

தம்பி, அதற்கும் பெர்மிட் வேண்டும்.

யீஷூன் அம்மா:

வீட்டுக்காரர் ஊற்று விஷயத்தில் அமைதியாகிவிட்டார், 122 டிகிரிதான் அவரை அடக்கியது. பையன் இப்போது கவசத்துக்குப் பச்சை வண்ணம் பூசியிருக்கிறான், ஆசிரியர் என்ன சொல்வாரோ. பள்ளி விடுமுறையில் இதெல்லாம் நேரில் காட்டலாம் என்று பார்க்கிறேன். எங்கே போனால் நன்றாகத் தெரியும்?

பழைய வாத்தியார்:

கவசம் பச்சை என்று ஆசிரியர் கேட்டால் பெரிடோடைட் என்று எழுதி அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

கருங்கல்லுக்கு புக்கிட் தீமா அடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் கல் குழி, அல்லது டெய்ரி ஃபார்ம் பக்கம். வெட்டிய சுவரில் வெடிப்புகள் எப்படிக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, மேலே எங்கே சிவப்பு மண்ணாக மாறுகிறது என்று பாருங்கள். நேரம் இருந்தால் புலாவ் உபின், தீவே கருங்கல். பெட்ரா பிராங்காவில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு 1850இல் கல் அங்கிருந்துதான் போனது, ஜோகூர் கடற்பாலத்துக்கும் போனது. கறுப்புக் கல்லுக்கு லிட்டில் குய்லின். படிவுப்பாறைக்கு லாப்ரடார் பூங்காவின் கடலோரச் சரிவு. அடுக்குகள் படுக்கையாக இல்லாமல் சாய்ந்து நிற்பதைக் காட்டுங்கள், கிடையாகப் படிந்த மணல் ஏன் சாய்ந்தது என்று அவனையே கேளுங்கள், பெந்தோங் ரவுப் கதையில் பாதிப் பதில் இருக்கிறது.

சுத்தியல் கொண்டுபோக வேண்டாம், இயற்கை வனப்பகுதியிலும் பூங்காவிலும் கல்லை எடுத்து வருவதும் கூடாது. படம் எடுக்கும்போது படிகத்தின் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு 20 காசு நாணயத்தை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், ஒப்படைப்பில் சேர்க்கலாம்.